அக்காவுக்கு, மாடியைக் காலி பண்றதுக்கு முன்னாடி

அக்கா,

ஞாயித்துக்கிழமை ஆளு வராங்க. மூணு பேரு, ஒரு குட்டியானை வண்டி. மாடில இருக்கற 42 செடிப் பையையும் இறக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நெஜமாவா நெஜமாவான்னு இவரு நாலு தடவ கேட்டாச்சு. போன வருஷம் இதே தை மாசம் உன் சாமான் போன வண்டிக்காரன் நம்பர்தான் போன்ல இருந்துச்சு, அவனையே கூப்பிட்டேன். வேற ஒண்ணும் மனசுல வச்சுக் கூப்பிடல, தப்பா எடுத்துக்காத.

நீ என் போனை எடுக்கறதில்ல. ஆனா நான் எழுதறதெல்லாம் உன் மருமக படிச்சுக் காட்டுறான்னு காத்துவாக்குல காதுல விழுந்துச்சு, அதான் இந்த குரூப்லயே எழுதறேன். சொந்தத்துல இன்னும் நாலஞ்சு பேரு படிப்பாங்கன்னு தெரியும், அவங்களுக்கும் வணக்கம். அதனால பாகம், பத்திரம், அன்னிக்கு மாமா விட்ட வார்த்தை, அதுக்கு இவரு திருப்பிச் சொன்னது, எதுவும் இதுல வராது. செடியைப் பத்தி மட்டும்தான்.

இந்த வருஷம் மாடி எப்படி இருந்துச்சுன்னு நீ கேக்க மாட்ட, ஆனா கேக்காம இருக்கறது உனக்கு கஷ்டமாத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும்.

மே மாச வெயில்லயே பாதி காலி. பச்சை வலை கட்டியும் பை சூடாகி, தொட்டா கை பொறுக்கல, காலைல ஊத்துன தண்ணி பதினோரு மணிக்கு எங்க போச்சுன்னே தெரியாது. தக்காளி பதினோரு செடி, பூவுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல, பூத்துப் பூத்துக் கொட்டுச்சு. ராத்திரியும் சூடு இறங்கலன்னா அதுல காய் பிடிக்காதுன்னு தெரிஞ்சே மோரும் தேங்காப்பாலும் புளிக்க வச்சுத் தெளிச்சுக்கிட்டு இருந்தேன், மொத்தமா ஒன்றரை கிலோ வந்துச்சு. அந்தத் தேங்காய்க்கு ஆன காசுல மூணு கிலோ தக்காளி வாங்கியிருக்கலாம்னு இவரு கணக்கு சொன்னாரு. சொல்லட்டும்.

ஆடிக்கு மறுபடி விதை போட்டேன். வெண்டை ஆறு பை. முதல் ரெண்டு வாரம் பிஞ்சு பிஞ்சா வந்துச்சு, அப்புறம் இலை நரம்பெல்லாம் மஞ்சளா ஓட ஆரம்பிச்சுடுச்சு. வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ் அது, வந்தா வந்ததுதான், மருந்து கிடையாது. வேப்பெண்ணெயில சோப்பு கலந்து அடிச்சேன், மஞ்சள் அட்டைல விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டேன், எல்லாம் ஈ வந்து உக்காந்ததுக்கு அப்புறம் பண்ற வேலை. நாலு பையைப் புடுங்கிப் போட்டேன். மிச்சம் ரெண்டு பைல வந்ததை வாரத்துக்கு ஒரு தடவ மோர்க்குழம்புல போட்டோம்.

அக்டோபர்ல வந்த மழை உனக்கு டிவில தெரிஞ்சிருக்கும். 15ஆம் தேதி நம்மாளுங்க காரையெல்லாம் கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா நிறுத்துனாங்க, இவரும் கிளம்பிப் போயி எடம் இல்லாம திரும்பி வந்தாரு. மறுநாள் ரெட் அலர்ட்டுன்னாங்க, அன்னிக்குப் பார்த்து பெருசா பெய்யல. நம்ம மடிப்பாக்கத்துக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசா. ஆனா சிறுகீரை, அரைக்கீரை ரெண்டும் போச்சு, மேல்மண்ணு கரைஞ்சு விதையோட வழிஞ்சிடுச்சு. மறுபடி தூவினேன், நாலு இலை விட்டு நிக்கறப்போ நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். அது கரை ஏறுனது புதுச்சேரி பக்கம், அங்கயும் விழுப்புரம் பக்கமும் ஜனங்க பட்டதுக்கு முன்னாடி என் கீரைக்கு அழறது அசிங்கம். இருந்தாலும் ஒரு நிமிஷம் அழுதேன்.

முள்ளுக்கத்தரி மட்டும் எல்லாத்தையும் தாங்கி நின்னுச்சு. குருத்து வாடித் தொங்கறதைப் பார்த்ததும் அந்த நுனியைப் புழுவோட கிள்ளி எறியணும்னு நீ சொல்லிக் குடுத்ததை விடாம பண்ணேன், அதுதான் காப்பாத்துச்சு. சுரைல ஒம்பது பெண்பூ வந்துச்சு, பிடிச்சது மூணு. சாயங்காலம் பூ விரியறப்போ ஆண்பூவைப் பறிச்சுக்கிட்டுப் போயி நீ தடவுவியே, "மாப்ளைய அழைச்சிட்டு வந்துட்டேன், பொண்ணு ரெடியா"ன்னு சத்தமா வேற சொல்லுவ, எதுத்த வீட்டு மாடில துணி எடுக்கற அம்மா ஒரு மாதிரி பாப்பாங்க. நானும் அப்படியே தடவுனேன், வாயால ஒண்ணும் சொல்லல. அதனாலதான் மூணுன்னு வச்சுக்க.

மாடில மழைத்தண்ணி இறங்கற பைப்புக்கு வரேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்து.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை, மூணாந்தேதி ராத்திரி. கரண்ட் இல்ல. எங்க கீழ்வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு, பாத்திரத்தையெல்லாம் பரண்ல ஏத்திக்கிட்டு இருந்தப்போ நீ மேலருந்து கூப்பிட்ட, "ஏய், மாடில தண்ணி நிக்குதுடி, சீக்கிரம் வா"ன்னு. நான் டார்ச்சோட ஓடி வந்தேன். கணுக்காலுக்கு மேல தண்ணி. 42 பையும் ஊறி ஒவ்வொண்ணும் இருபது கிலோகிட்ட இருக்கும், அதோட இந்தத் தண்ணி பாரம் வேற. ஈசானி மூலைல இருக்கற பைப்பு அடைச்சிருந்துச்சு. நான் குச்சியைத் தேடிக்கிட்டு இருக்கேன், நீ நைட்டியை இடுப்புல சொருகிக்கிட்டு அந்தத் தண்ணிலயே ஒருக்களிச்சுப் படுத்துட்ட. 61 வயசுல. கையைத் தோள் வரைக்கும் பைப்புக்குள்ள விட்ட. கன்னம் தண்ணில முட்டுது, வாயை மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடற. கொஞ்ச நேரம் துழாவி ஒரு பெரிய கட்டியை இழுத்து வெளிய எடுத்த. தென்னைநார்க் கழிவு. பையில பாதி அதுதானே, மழைல மிதந்து போயி அடைச்சுக்கிச்சு. கொர்ர்ருனு தண்ணி இறங்குச்சு. நீ எழுந்திரிச்சு அந்தக் கட்டியை என் உள்ளங்கைல வச்சு என் விரலை மூடுன. "இந்தா, பிடி. உன் மண்ணு."

அவ்வளவுதான் சொன்ன. அதை நீ சிரிச்சுக்கிட்டே சொன்னியா கோவமா சொன்னியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மழைச் சத்தத்துல குரல் புரியல. டார்ச் என் கைலதான் இருந்துச்சு, ஆனா நான் பைப்பு மேலயே அடிச்சுக்கிட்டு இருந்தேன். உன் மூஞ்சிப் பக்கம் ஒரு தடவ திருப்பியிருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னிக்கு சிரிப்புன்னுதான் நினைச்சேன். உன் கட்டிலுக்கு மேல ஒழுக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கோவம்னு நினைச்சேன்.

2015ல தண்ணி கீழருந்து வந்தப்போ நாலு நாள் எங்களை மேல வச்சு சோறு போட்டவ நீ. எட்டு வருஷம் கழிச்சு உன் தலைக்கு மேலருந்து தண்ணியை விட்டவ நான். இதை எத்தனையோ தடவ எனக்குள்ளயே சொல்லிப் பாத்துட்டேன், எழுதுனா இன்னும் கேவலமா இருக்கு.

மேஸ்திரி வந்து பார்த்தாரே, "பழைய தளம்மா, தட்டோடு ஜாயிண்ட் எல்லாம் விட்டிருக்கு, செடியாலன்னு மட்டும் சொல்ல முடியாது"ன்னு. அதை வச்சுத்தானே நாங்க பேசுனோம். அவரு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் மாடில தனியா இருந்தேன் அக்கா. கறிவேப்பிலைப் பையை நகர்த்தலாம்னு பிடிச்சேன், நகரல. இன்னும் இழுத்தா கிர்ர்னு ஒரு சத்தம். பைக்கு அடியில இருக்கற ஓட்டை வழியா வேர் இறங்கி, தட்டோட்டு இடுக்குக்குள்ள போயிருந்துச்சு. சுண்டுவிரல் மொத்தம். கரெக்டா உன் பெட்ரூமுக்கு மேல.

அதைக் கத்தியால அறுத்தேன். உள்ள போனதை எடுக்க முடியல, அப்படியே விட்டு மேல ஒயிட் சிமெண்ட் பூசிட்டேன். பையைக் கொண்டு போய் தொட்டிக்குப் பக்கத்துல வச்சேன், அந்த எடத்துல ஒரு காலிப் பக்கெட்டைக் கவுத்து வச்சேன். மேஸ்திரி அந்தப் பக்கெட்டுக்குப் பக்கத்துலயே நின்னுதான் பேசுனாரு. இவருக்குக்கூட இப்பதான் தெரியும், இதைப் படிக்கறப்போ.

மன்னிச்சிடுன்னு சொல்லத்தான் உக்காந்தேன். ஆனா தளம் ஏற்கனவே விட்டிருந்ததும் பொய் இல்லையே, 2015 மழைக்கு அப்புறமே ரெண்டு எடத்துல ஓடு தூக்கிட்டு நின்னுச்சே, அப்பவே ரெண்டு பேரும் சேர்ந்து போட்டிருந்தா ஆயிருக்கும், மாமாதான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. சரி, மாமா பத்தி எழுதலன்னு சொன்னேன். இரும்பு ஸ்டாண்ட் போட்டு பையைத் தூக்கி வைடின்னு நீ ஆரம்பத்துலயே சொன்ன, அதுவும் உண்மை. ஸ்டாண்டுக்கு விலை கேட்டேன், அந்தக் காசுக்கு இன்னும் பத்து பை வாங்கலாம்னு தோணுச்சு, வாங்கிட்டேன். தோட்டக்கலைத் துறைல மானியத்துக்குக் குடுத்த ஆறு பைல ஆரம்பிச்சது, அப்படித்தான் 42 ஆச்சு.

அந்தக் கறிவேப்பிலைக் கன்னை யாரு கொண்டு வந்தா? நீதான். அம்மா வீட்டுக் கொல்லைல மரத்தடியில முளைச்சதைத் தோண்டி, ஈரத்துணில சுத்தி, பஸ்ல மடில வச்சுக்கிட்டு வந்தியே. "இதைப் பைல வைக்காத, தரைல வை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாத்துக்கும் சொல்லுவ.

இன்னொண்ணும் கேட்டுடறேன். உனக்கு ஒழுகுச்சு, நியாயம், என்கிட்ட கத்தியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். ஆனா கல்யாண வீட்டுப் பந்தில, இலை போட்டு உக்காந்திருக்கறப்போ, "அவ செடி வளக்கல, என் வீட்டை அரிக்கறா"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்ன பாரு. பாயசத்தை வச்சுக்கிட்டு நான் குனிஞ்சே உக்காந்திருந்தேன். நீ சொன்னது சரின்னு அந்தப் பந்தில தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான், அதனாலதான் அவ்வளவு எரிஞ்சுது. அப்புறம் மேஸ்திரி சொன்னதை நான் நாலு பேர்கிட்ட சொன்னேன், எல்லாரும் உன்னைத்தான் வாய்த்துடுக்குன்னாங்க, நான் மறுக்கல. இந்தப் பத்தியைப் படிக்கற அந்த நாலு பேருக்கும்: அவ பொய் சொல்லல. பக்கெட்டுக்கு அடியில நான் பூசுன சிமெண்ட் இன்னும் இருக்கு, வந்து பாக்கறவங்க பாக்கலாம்.

வாட்டர்ப்ரூஃபிங் பண்ண ஆள் சொல்லிட்டேன். பழைய தட்டோட்டைப் பேத்துட்டு, சுத்தமா புதுசா. செலவு முழுக்க எங்களோடது, அதுல பாதி கணக்கு பேச வேணாம். பைல பதினஞ்சு பின்தெரு டீச்சர் எடுத்துக்கறாங்க, அவங்களுக்கு மண்தரை. மிச்சத்தைக் கொட்டி வாசல்ல முருங்கைக்கு அணைக்கப் போறேன். கறிவேப்பிலை ஏற்கனவே கீழ வந்துடுச்சு, காம்பவுண்டு ஓரமா தரைல வச்சிருக்கேன், வேர் அறுத்தப்போ இலையெல்லாம் கொட்டி குச்சியா நின்னது இப்ப துளிர் விட்டிருக்கு.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன், எரிச்சலா இருந்துச்சு. இந்த வருஷம் மாடிலயே நல்லா வந்தது அவரைதான். உன் விதை. நீ போறப்போ மாடிப்படிக்குக் கீழ ஹார்லிக்ஸ் பாட்டில்ல சாம்பலோட விட்டுட்டுப் போனியே, மறந்து வச்சியா விட்டு வச்சியான்னு தெரியல. ரெண்டு பைல போட்டேன். அக்டோபர் வரைக்கும் வெறும் கொடியும் இலையும்தான், புடுங்கிடலாம்னு பாத்தேன், அவரைக்குப் பனி இறங்கணும்டின்னு நீ சொல்றது காதுல கேட்டுச்சு, விட்டுட்டேன். மழையெல்லாம் அடங்கி மார்கழி பொறந்ததும் பந்தல் பூரா ஊதாப் பூ. அசுவினி கருப்பா அப்பிக்கிச்சு, எறும்பு வேற அதுக்குக் காவல், தினம் காலைல ஓஸைப் பிடிச்சுத் தண்ணியாலயே அடிச்சு அடிச்சு விரட்டினேன். இதுவரைக்கும் நாலு கிலோவுக்கு மேல பறிச்சாச்சு. பொங்கலன்னிக்குக் கூட்டுல அதுதான். நான் பணம் குடுத்து வாங்கிப் போட்ட விதையெல்லாம் அந்த லட்சணத்துல வந்துச்சு, நீ சாம்பல்ல போட்டு வச்சது இப்படி. வயித்தெரிச்சல்தான்.

கீழ்வரிசைக் காயை விதைக்கு விட்டிருக்கேன். இன்னும் பச்சையாத்தான் இருக்கு, நெத்தாக மூணு வாரம் ஆகும். அதனால ஞாயித்துக்கிழமை 40 பைதான் இறங்கும். அந்த ரெண்டு பையும் பந்தலும் மாசி பாதி வரைக்கும் மாடிலயே இருக்கும், செங்கல் அடுக்கி மேல தூக்கி வச்சுட்டேன், அடியில ட்ரே இருக்கு, ட்ரேல நிக்கற தண்ணியைக் காலைலயும் சாயங்காலமும் நானே எடுத்துக் கொட்டறேன். வாட்டர்ப்ரூஃபிங் ஆளுகிட்ட அதுக்கு அப்புறம் வரச் சொல்லியிருக்கேன்.

உன் வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ ஜன்னலைத் திறந்து வைக்கறேன். பெட்ரூம் சீலிங்ல கறை அப்படியே இருக்கு, இந்த மழைல பெருசாகல, கீழருந்து பென்சில்ல கோடு போட்டு வச்சுப் பாத்துக்கிட்டேன்.

குரூப்ல பதில் போடாத. போன் பண்ணு. திட்டறதுனாலும் போன்லயே திட்டு, சாயங்காலம் ஆறுக்கு மேலன்னா மாடிலதான் இருப்பேன், அங்க சிக்னல் நல்லா இருக்கும்.