பிழையான பிஸ்டன் றிங் தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்

முகாமையாளர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள உங்கள் நிறுவனத்திடம் ஹொண்டா எஸ்90 மோட்டார் சைக்கிளுக்கு 0.50 ஓவர்சைஸ், அதாவது மூல அளவைவிட 0.50 மில்லிமீற்றர் பெரிய, பிஸ்டன் கிற் ஒன்று எடுப்பித்தேன். பிஸ்டன் சரி. கூட வந்த, பிஸ்டனைச் சுற்றிப் பூட்டும் றிங்குகள் பிழை. மாற்றித் தரச் சொன்னால், பக்கற் உடைத்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் உங்கள் ஊழியர்.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான், அதை அளந்து, லேத்தில் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து போர் பண்ணுவித்தேன். உள்விட்டம் 50 மில்லிமீற்றராக இருந்தது இப்போது 50.5. பூட்டுவதற்கு முன் கம்பிரசன் றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, றிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியை, மெல்லிய தகடுகளால் அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தேன். 0.15 முதல் 0.35 வரை இருக்க வேண்டியது 1 மில்லிமீற்றருக்குக் கிட்ட நிற்கிறது. இரண்டாவது றிங்கும் அப்படியே. றிங்கின் விட்டத்தில் 0.25 மில்லிமீற்றர் குறைந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 0.78 குறையும், அந்தளவுக்கு வாய் விரியும். ஆக, 0.50 என்று அச்சடித்த பக்கற்றுக்குள் இருப்பது 0.25 றிங்.

“ஓட ஓடச் சரிவரும், பூட்டுங்கோ” என்றும் உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். றிங் தேயத் தேய வாய் விரியுமே தவிர ஒருநாளும் ஒடுங்காது. கம்பிரசன் கீழே இறங்கும், ஒயில் மேலே ஏறிப் புகைக்கும். உதிரிப்பாகம் விற்கிறவர் இப்படிச் சொல்லலாமா? பக்கற்றை உடைக்காமல் றிங்கை எப்படி அளப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இது அப்பாவின் வண்டி. 1990களில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலம், சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து சிலிண்டரை அரித்துவிட்டது. இனிப் போர் பண்ணுவதென்றால் 0.75, 1.00 என்று இரண்டு ஓவர்சைஸ் அளவுதான் மிச்சம். பிழையான றிங்கைப் பூட்டி அதில் ஒன்றை வீணாக்க நான் ஆயத்தமில்லை. பழைய சிலிண்டர் தேடினாலும் கிடைக்காது.

சரியான 0.50 றிங் செற்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லையென்றால் கிற்றின் முழுப் பணத்தையும் கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள். உங்களிடமுள்ள மற்றப் பக்கற்றுகளையும் அளந்து பாருங்கள். வேறு யாராவது அளக்காமல் பூட்டிவிடுவார்கள். பற்றுச்சீட்டின் பிரதியும், கேஜ் வைத்து எடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்