படியில் கற்றுத்தர ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

கோத்தகிரி பக்கம் தேயிலை பறித்த என் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்ததும், சமதரையில் நடக்கப் பழக்கி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கோ 40 படி. மழையில் பாசி வழுக்கும். முதல் படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்புறம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்த பிசியோதெரபிஸ்ட்தான், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று அந்தப் படியிலேயே நின்று பழக்கினார்.

பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு 2 ஆண்டு. அதில் சில வாரமாவது மாணவர்களை, மூத்தவர் மேற்பார்வையில், மலைக் கிராம ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். கூடை சுமந்த முதுகையும் சரிவில் தேய்ந்த முழங்காலையும் அவர்கள் நேரில் பார்க்கட்டும். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே தங்கவைத்துத் தொடங்கலாம். பஸ் செலவை அரசு கொடுக்கட்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி