பக்கத்து வீட்டு மாத்திரை

ஆசிரியருக்கு,

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்ட கருத்தடை மாத்திரையைத்தான் நானும் பாமசியில் வாங்கினேன். தந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி. அப்படியானவர்களுக்கும் பிரஷர் கூடியவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் கலந்த மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து. எங்கள் குடும்பநல மாதுதான் விசாரித்து நிறுத்தச் சொன்னார்.

வேறு வழிகளைப் பார்த்தால், 3 மாதக் கருத்தடை ஊசியை விட்டபிறகு கரு தங்கச் சுணங்கலாம். கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் 10 வருடம் வரை நிற்கும், ஓமோன் இல்லை. மாதப்போக்கு மட்டும் கூடலாம். சரி என்று லூப் போட்டேன். ‘சூடு’ என்று மாமி இன்னும் முணுமுணுக்கிறார்.

வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இதையெல்லாம் சொல்லக் கூச்சம். திருகோணமலை கிளினிக்குகளில் ஒரு திரையாவது போடுங்கள்.

ஒரு வாசகி,
உப்புவெளி.