மேசைத் தொலைபேசியைக் கழற்றுவதற்கு முன்: தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைமைக்கு,

வணக்கம்.

கிளைகளில் மிச்சமிருக்கும் மேசைத் தொலைபேசிகளை மாத இறுதிக்குள் கழற்றி ஒப்படைக்க வேண்டும், இனி எல்லா அழைப்பும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலி வழியாகத்தான் என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. டீம்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரட்டை, கூட்டம், கோப்பு, தொலைபேசி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதிதான். கேட்பது ஒன்றே ஒன்று: தொலைபேசியை எடுப்பதற்கு முன் குரல் போகிற பாதையைச் சரிசெய்து கொடுங்கள்.

சேவைப் பிரிவில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளர் ஒரு தொகையைச் சொல்கிறார். இந்தப் பக்கம் விழுவது "...பதாயிரத்து நானூறு". முன்னால் இருந்தது அறுபதா, எழுபதா, எண்பதா? இருபது முதல் எண்பது வரை வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்; வித்தியாசம் தலையில் இருக்கிறது, இணைப்பு அந்தத் தலையைத்தான் விழுங்குகிறது. "திரும்பச் சொல்லுங்க சார்" என்றால் ஒரு முறை பொறுமையாகச் சொல்வார். அடுத்த முறை குரல் உயரும். அதற்கும் அடுத்த முறை, "உங்க ஆபீஸ்ல ஒரு நல்ல போன்கூடக் கிடையாதா?" என்று வைத்துவிடுவார். ஊழியர் வேறு வழியின்றித் தன் சொந்த கைபேசியில், சொந்த ரீசார்ஜில், அவரைத் திரும்ப அழைப்பார். வேலை முடியும். ஆனால் அந்த அழைப்பு ரெக்கார்டிங்கில் வராது. தணிக்கை வரும்போது "பதிவு இல்லாத அழைப்பு" என்று விளக்கம் கேட்கும் மெமோ அந்த ஊழியர் பெயருக்குத்தான் வருகிறது. பாதையை வைத்திருப்பவர்களுக்கு வருவதில்லை.

புகார் எழுப்பினால் முதல் பதில், "ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள்." ஹெட்செட் கெட்டால் ஒருவருக்குக் கெடும். காலை பத்தரைக்கு ஒரு கிளை முழுவதும் ஒரே நேரத்தில் குரல் உடைந்தால் அது காதில் மாட்டியதன் குற்றமா? இரண்டாவது பதில், "பேண்ட்விட்த் போதவில்லை." குரலைத் தரவாக மாற்றும் முறையைக் கோடெக் என்பார்கள்; பழைய ஜி.711 கோடெக்கே, ஒவ்வொரு துண்டிலும் ஒட்டும் முகவரித் தகவலையும் (ஹெடர்) சேர்த்து, ஒரு திசைக்கு வினாடிக்கு 87 கிலோபிட் அளவில்தான் எடுக்கும். 40 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 4 மெகாபிட்டைத் தொடாது. பெரிய இணைப்பு வாங்கியும் ஒன்றும் மாறாததற்குக் காரணம் அதுதான்.

கோளாறு இருப்பது பாதையில். கிளைக் கணினிகளிலும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் மடிக்கணினிகளிலும் விபிஎன் (தலைமையகத்தோடு இணைக்கும் மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை) எப்போதும் ஆனில் இருக்கிறது. எல்லாப் போக்குவரத்தும் அதற்குள்தான். கோவை ஊழியர் கோவை வாடிக்கையாளரோடு பேசினாலும், குரல் முதலில் சென்னைத் தலைமையகம் போய், அங்கே ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பில் மற்றவற்றோடு வரிசையில் நின்று, பிறகுதான் மைக்ரோசாஃப்ட் பக்கம் போகிறது. அந்த ஃபயர்வாலில், டீம்ஸ் குரலை அனுப்பும் யுடிபி முறைக்கான 3478 முதல் 3481 வரையுள்ள போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) மூடியிருக்கின்றன. எனவே டீம்ஸ் வேறு வழியில்லாமல் டிசிபி என்ற வேறு முறையின் 443-ஆம் போர்ட்டுக்கு இறங்குகிறது.

குரல் பொதுவாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் போகும்; வினாடிக்கு 50 பாக்கெட். யுடிபியில் ஒன்றிரண்டு தொலைந்தால் கோடெக் அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. டிசிபி அப்படி விடாது. தொலைந்த பாக்கெட் மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். மின்னஞ்சலுக்கு அது நல்ல குணம். பேச்சில், தாமதமாக வந்த பாக்கெட் வராத பாக்கெட்தான். நேரம் கடந்துவிட்டதால் தூக்கிப்போடப்படும். இப்படிப் பத்து பாக்கெட் போனால் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. "அறு" என்று சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆகும்.

சந்தேகமிருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸுக்குள் கால் ஹெல்த் திறந்து பாருங்கள். பாக்கெட் இழப்பு 1 சதவீதத்தையும், ஜிட்டர் (பாக்கெட் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டையும் தாண்டினால் பேச்சு கெடத் தொடங்கும். உங்கள் அட்மின் சென்டரில் அதே அழைப்பைத் திறந்தால் யுடிபியில் போனதா டிசிபியில் போனதா என்பதும் எழுதியிருக்கும். யாரும் எங்கள் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் வேலையல்ல. 52.112.0.0/14, 52.122.0.0/15 ஆகிய இரண்டு முகவரித் தொகுதிகளையும் விபிஎன்னுக்கு வெளியே விடுங்கள். அந்த நான்கு யுடிபி போர்ட்டுகளைத் திறந்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைக்கும் முறை இது. பாதுகாப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால், டீம்ஸின் குரல் ஏற்கெனவே எஸ்ஆர்டிபி என்ற பாதுகாப்பான முறையில் மறையாக்கம் ஆகித்தான் போகிறது என்று சொல்லுங்கள். பூட்டிய பெட்டியை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டுவதால் பயணம்தான் தாமதம்.

கூடவே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான விதிகளை வைத்திருக்கும் குரூப் பாலிசியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். குரல் பாக்கெட்டில் முன்னுரிமை அடையாளம் இடும் டிஎஸ்சிபி 46 விதி, பழைய டீம்ஸ்.இஎக்ஸ்இ என்ற நிரல் கோப்பின் பெயருக்கு எழுதப்பட்டது. புதிய டீம்ஸில் அந்தக் கோப்பு எம்எஸ்-டீம்ஸ்.இஎக்ஸ்இ. பெயர் மாறியதும் விதி யாரையும் பிடிக்காமல் சும்மா கிடக்கும். பிழைச் செய்திகூட வராது. பெயரைத் திருத்திய பிறகு, கிளையின் நெட்வொர்க் ஸ்விட்சுகள் அந்த அடையாளத்தை வழியில் அழித்துவிடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இணையத்தில் அதை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது தெரியும். நம் எல்லைக்குள்ளாவது மதிக்கலாமே.

அழைப்பு உடைவதைக் கவனிக்க நேரமில்லை என்கிற அதே நிர்வாகத்துக்கு, டீம்ஸில் ஊழியர் பெயரருகே தெரியும் பச்சைப் புள்ளியைக் கவனிக்க நேரமிருக்கிறது. கணினியைத் தொடாமல் ஐந்து நிமிடம் கோப்பைக் கையில் வைத்துப் படித்தால் புள்ளி மஞ்சளாகிறது, "எங்கே போனீர்கள்?" என்று மேலாளர் கேட்கிறார். ஆள் இருக்கிறாரா என்று சொல்ல வந்த புள்ளி வருகைப் பதிவேடாகிவிட்டது. சுட்டியைத் தானாக ஆட்டும் கருவிக்கு டெண்டர் விட்டால் எல்லோரும் நாள் முழுக்கப் பச்சையாகவே இருப்போம். பேச்சு கேட்காது, அவ்வளவுதான்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. கோவைக் கிளையில் பத்துக் கணினிகளுக்கு மட்டும் ஒரு வாரம் இந்த மாற்றத்தைச் செய்து, காலை பத்து முதல் பன்னிரண்டு வரையான அழைப்புகளைப் பக்கத்து மேசைகளின் அழைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடிவு வரும்வரை மேசைத் தொலைபேசிகளைக் கழற்ற வேண்டாம். பாதையைச் சரிசெய்யுங்கள், பிறகு நாங்களே கழற்றிக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஊழியர்கள்

பி.கு.: வாசல் காவலர் அறையில் உள்ள தொலைபேசியும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அங்கே கணினியே கிடையாது. அந்தத் தொலைபேசி நெட்வொர்க் கேபிள் வழியாகவே (பிஓஇ) ஸ்விட்சிலிருந்து மின்சாரம் எடுப்பதால், கரண்ட் போனாலும் ஸ்விட்சின் யுபிஎஸ் தாங்கும்வரை வேலை செய்யும். அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.