முதலில் ஸ்கேலை எடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டை எப்படித்தான் நுழைத்தாயோ! பிராசஸரை ஆற்ற, ஃபேன் காற்றால் ஆற்றும் ஏர் கூலரா, தண்ணீரைப் பம்ப் மூலம் ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற்றும் ஏ.ஐ.ஓ.வா என்று கேட்டிருக்கிறாய். அது அப்புறம். முதலில் ஸ்கேலை எடு. பிராசஸரின் மேல்பரப்பிலிருந்து பக்கத் தகடு வரை எத்தனை மி.மீ. என்று அள. 70 இருந்தால் 120 மி.மீ. ஃபேன் வைத்த தாழ்வான கூலர்களில் சில உட்காரும். 40க்குள் என்றால் ஓவர்கிளாக் ஆசையையே, அதாவது பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஆசையையே, மறந்துவிடு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் தெரியுமா? சூடு வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கிளாக் வேகத்தை 5 சதவீதம் கூட்ட, வோல்டேஜை 1.20இலிருந்து 1.32 ஆக்கினாய் என்று வை. 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.05. சூடு ஏறக்குறைய 27 சதவீதம் கூடிவிட்டது! அதுவும் கிராபிக்ஸ் கார்டு பக்கத்திலேயே அடுப்பு மாதிரி எரியும்போது.

இடம் இருந்தால், இரண்டு 120 மி.மீ. ஃபேன் பொருந்தும் 240 ஏ.ஐ.ஓ.தான் என் ஓட்டு. ரேடியேட்டர் பெரும்பாலும் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25. ஆக 52, அதற்கு மேல் குழாய் வளைய இடம். ஆனால் தண்ணீர் சூட்டைத் தின்றுவிடாது, இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கும், அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு வெளிக்காற்று கிடைக்கிறதா, கார்டு கக்கும் வெந்த காற்று கிடைக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கவாட்டில் மாட்ட முடிந்தால், வெளியிலிருந்து இழுக்கும்படி மாட்டு.

பம்ப் மட்டும் தண்ணீர் ஓடும் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. போன வருடம் என் பெட்டியில் ரேடியேட்டரைக் கீழே வைத்து, பம்ப்பை மேலே விட்டேன். காற்றுக் குமிழெல்லாம் பம்ப்பில் போய் அடைந்துகொண்டு ராத்திரி முழுக்க குளக், குளக். விற்றவனைத் திட்டினேன். தப்பு என்னுடையது. இன்னொன்று: கீழ்நோக்கி ஊதும் ஏர் கூலர், போகிறபோக்கில் வி.ஆர்.எம்.மையும் (பிராசஸருக்கு வோல்டேஜை மாற்றித் தரும் பகுதி) ரேமையும் ஆற்றிவிடும். பெரும்பாலான ஏ.ஐ.ஓ. அதைச் செய்யாது. ஓவர்கிளாக் செய்கிறவள் நீ, வி.ஆர்.எம். பக்கம் கொஞ்சமாவது காற்று போகட்டும்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. இப்போதிருக்கும் கூலரோடு அரை மணி நேரம் விளையாடி வெப்பத்தைக் குறி. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அரை மணி நேரம். பத்து டிகிரி இறங்கினால் பழி கூலர் மேல் இல்லை, பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது. டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு துளைக்கு எதிரிலும் பிடித்துப் பார். உள்ளே இழுபடுகிறதா, வெளியே பறக்கிறதா, சும்மா தொங்குகிறதா? தொங்கும் இடத்தைக் குறித்துக்கொள்.

உன்னுடையது ஏ.எம்.டி.யின் ரைசன் 7950X போன்ற பிராசஸர் என்றால் முழுச் சுமையில் 95 டிகிரியைப் பார்த்துப் பதறாதே, அதுவரை போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? நானாக இருந்தால் வோல்டேஜைக் குறைத்து, ஃபேன் சத்தமில்லாமல் விளையாடுவேன். நீ கேட்க மாட்டாய், தெரியும். சரி, அளவுகளை எழுதி அனுப்பு. ரேமின் உயரத்தையும் சேர்த்து, கூலர் அதில் இடிக்கக் கூடாதே.

அப்பா