காரின் கதவு குண்டைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைத்துப்பாக்கிகளைப் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் படித்தேன். .45 தோட்டா (குறுக்களவு 0.45 அங்குலம்) பெரியது, அதனால் இரும்பையும் அதுதான் அதிகம் துளைக்கும், 9 மி.மீ. என்றால் காரின் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாலே போதும் என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் பேப்பரை மடித்தபடி, "ஏனுங்ணா, இது நெசமுங்களா?" என்றார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் ஆர்மரராகத் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். நெசமில்லை.

9 மி.மீ. குண்டின் எடை ஏழரை கிராம். வினாடிக்குச் சுமார் 360 மீட்டர் பறக்கும். .45 குண்டு 15 கிராம், ஆனால் 255 மீட்டர்தான். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 490 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). தள்ளும் வலுவில், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால் வரும் உந்தத்தில்தான் வித்தியாசம். அது .45க்குச் சுமார் 40 சதவீதம் அதிகம்.

வடகிழக்கில் இருந்தபோது, பறிமுதலான துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. கீல் வைத்த இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தியிருப்போம். .45 பட்டால் மல்லாந்து விழும். 9 மி.மீ. பட்டால் சில சமயம் விழும், சில சமயம் ஆடிவிட்டு நிற்கும். இன்னும் சின்னதான .32 குண்டுக்கு 'டங்' என்ற சத்தத்தோடு சரி. இதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு .45தான் ராஜா. கிட்டே போய் விரலால் தடவினால் கதை வேறு. .45 பட்ட இடம் அகலமாக, ஆழமில்லாமல் வழித்துவிட்ட மாதிரி இருக்கும். 9 மி.மீ. குழியில் நகம் இறங்கும். அதே ஆற்றல் சின்ன வட்டத்தில் இறங்குகிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மட்டையோடு ஒன்றரைக் கிலோ தேங்காய் பன்னிரண்டு மீட்டர் உயர மரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் ஆற்றல் சுமார் 175 ஜூல். .32 பிஸ்டல் குண்டுக்கும் அதேதான். தேங்காய் விழுந்தால் மாட்டுக்கொட்டகைத் தகரம் நசுங்கும். அதே தகரத்தில் .32 குண்டு ஓட்டை போட்டுவிட்டுப் போகும். வெறும் ஜூலை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

காரின் கதவுக்கு வருவோம். அதன் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கழித்துப்போட்ட ஜீப்பின் கதவைச் சாய்த்து வைத்து நாங்கள் சுட்டிருக்கிறோம். 9 மி.மீ., .45 இரண்டுமே மறுபக்கம் வந்தன; .32கூட வந்தது. காரில் குண்டை நம்பித் தடுக்கக்கூடியது எஞ்சின் மட்டும்தான். அதுவும் கைத்துப்பாக்கிக்கு. ராணுவத்தில் முன்பு இருந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைபிள் குண்டின் ஆற்றல் 3,000 ஜூலுக்கு மேல். அதன் முன்னால் இந்த .45, 9 மி.மீ. சண்டையெல்லாம் பங்காளிச் சண்டை.

இன்னொன்று. கட்டுரையோடு போட்ட படத்தில் ஒருவர் குழி விழுந்த இரும்புத் தகட்டை நாலடி தூரத்திலிருந்து சுடுகிறார், கண்ணாடிகூடப் போடவில்லை. கெட்டியான தகட்டில் பட்டதும் ஈயமும் செம்பு உறையும் சிதறிப் பக்கவாட்டில் தெறிக்கும். குழி விழுந்த தகடாக இருந்தால் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். என் இடது முழங்காலுக்குக் கீழே மூன்று தையல் போட்ட தழும்பு அப்படி வந்ததுதான். பத்து மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னதை நான் கேட்கவில்லை.

திருத்தம் வெளியிடும்போது அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.