பென்ஷன் நின்றுவிடும் என்று பயமுறுத்தும் போன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் வந்தால் ஆவடி, தாம்பரம், பரங்கிமலைப் பக்கம் முன்னாள் படைவீரர் வீடுகளில் இந்த போன் வரும். “ஸ்பர்ஷ் ஆபீஸிலிருந்து பேசுகிறோம். உங்க லைஃப் சர்டிபிகேட் ஏறலை, பென்ஷன் நின்னுடும்.” ஸ்பர்ஷ் என்பது படைவீரர் ஓய்வூதியத்தை நேரடியாக வழங்கும் பாதுகாப்புத் துறையின் இணைய முறை; லைஃப் சர்டிபிகேட், நாம் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சான்று. பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாம் சரியாகவே சொல்வார்கள். அதில் வியக்க ஒன்றுமில்லை; பி.பி.ஓ. நகலை நாம் கொடுக்காத இடமா?

‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கை இங்கே பாதிதான் உதவும். இந்த உயிர்ச் சான்றை ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறையில் எடுக்கும்போதும் ஓ.டி.பி. வரும், பொதுச் சேவை மையத்தில் எதிரே இருப்பவரிடம் சொல்லிப் பழகிவிட்டோம். போனில் பேசுபவனுக்கு அந்தப் பழக்கம்தான் முதலீடு. குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுதாகப் படியுங்கள். தொகையோ பணப் பரிமாற்றமோ குறிப்பிட்டிருந்தால் அது சான்றுக்கு வந்ததல்ல.

சிலர் ஓ.டி.பி.யே கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வரும். நிறுவியதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். ‘அலோ’ அழுத்தினால், அதன்பின் வரும் ஓ.டி.பி. எல்லாம் நேரே அவர்கள் கைக்குப் போகும்.

நிஜமாகவே சான்று ஏறாமல் போவதற்கு வேறு காரணம் உண்டு. வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும், சான்று எடுக்கும்போது ‘ஓய்வூதியம் வழங்குபவர்’ என்ற இடத்தில் பழைய வங்கியையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ்’ (பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்) என்று இருக்க வேண்டும். அப்படித் தவறி பென்ஷன் நின்றாலும், சான்றைச் சரியாகக் கொடுத்ததும் நிலுவையோடு வரும். இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கோப்பை நிறுவிவிட்டீர்களா? அழித்தால் போதும் என்று இருக்காதீர்கள். உடனே வைஃபையை அணைத்து, சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போடுங்கள். அதிலிருந்தே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். கையோடு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். இரண்டு இடத்திலும் புகார் எண்ணும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, கவனக்குறைவு நம்முடையதாக இருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ‘மகன் வந்ததும் கேட்கலாம்’ என்று குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கணக்கு காலியாகிறது.

ராணுவ கேன்டீன் பில் கவுன்ட்டரிலும் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருந்து வாங்கும் வரிசையிலும் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட ராணுவ நிலைய அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர், ஆவடி, சென்னை